தடம் மாற மறுக்கும் பாயிண்ட்

நான்கே சக்கரம் கொண்ட குட்டி டேங்க் எஞ்சின் நடைமேடையை விட்டுக் கிளம்பியது. தடம் இரண்டாகப் பிரியும் முதல் பாயிண்ட்டின் நடுவில் வந்ததும் நின்றுவிட்டது. விரலால் லேசாகத் தள்ளினால் ஓடியது. திருப்பி விட்டால் அதே இடத்தில் மறுபடியும் நின்றது. மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பழகிய தொல்லை இது. பலர் உடனே எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

பாயிண்ட்டை நகர்த்தும் இருவகை மோட்டார்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த எஞ்சின் ஓடும் மாதிரி ரயில் மேடை தேர்ந்தெடுக்கப்பட்டது. எட்டடிக்கு நான்கடி ப்ளைவுட், அதன்மேல் ஓஓ அளவுத் தடம், ஒன்பது பாயிண்ட். ஓஓ என்றால் நிஜ ரயிலில் 76-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மி.மீ. ஒன்பதில் நான்கு தகராறு செய்தன. மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தார் மேடையின் சொந்தக்காரர். கடைசியில் பார்த்தால், நான்கில் ஒன்றில்கூட மோட்டார் பழுதில்லை.

முதல் பாயிண்ட்டைப் பார்ப்போம். பாயிண்ட்டில் அசைகிற கூர்மையான தண்டவாளத்தை நாக்கு என்பார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் அசையாத தண்டவாளம் ஸ்டாக் ரெயில். பழைய பாணிப் பாயிண்ட்களில் நாக்கு ஸ்டாக் ரெயிலைத் தொடுவதால்தான் அந்தப் பாதைக்கு மின்சாரமே போகிறது. தொடும் இடம் கடுகளவுகூட இருக்காது. அங்கே எண்ணெய்ப்பசையும் கருப்பும் சேர்ந்தால் பாதை செத்துப்போகும். எஞ்சின் இல்லாமல் அளந்தபோது மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டியது. எஞ்சினை ஏற்றி வைத்து அளந்தால் ஐந்துக்கும் கீழே. வெறும் தடத்தில் மட்டும் அளந்து பார்த்துவிட்டு, ‘கரண்ட் வருகிறது’ என்று எழுந்துவிட்டவர்கள் நிறைய.

மருந்து எளிது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை நாக்குக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே வைத்து, நாக்கை விரலால் அழுத்தியபடி மெல்ல இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் காகிதம் கரிக்கோடு போட்டதுபோல் வந்தது. நான்காவதில் வெள்ளையாகவே வந்தது. குட்டி எஞ்சின் நிற்காமல் தாண்டிப் போயிற்று. ஆனால் அழுக்கு மறுபடியும் சேரும். அதற்கு நிரந்தரத் தீர்வு பின்னால் வருகிறது.

இரண்டாவதில் பெட்டிகள் தடம் புரண்டன. நாக்குக்கு அடியில் ஒரே ஒரு ஜல்லித் துணுக்கு. பல்குத்தும் குச்சியால் தட்டிவிட்டதும் தீர்ந்தது. மூன்றாவதில் ஜல்லி ஒட்டும்போது ஊற்றிய பசை, இரண்டு நாக்குகளையும் இணைக்கும் பட்டைக்கு அடியில் ஓடி இறுகியிருந்தது. மோட்டார் ‘டக்’ என்று அடிக்கும், நாக்கு பாதி தூரம் போய் நிற்கும். வெந்நீர் சொட்டுவிட்டு, ஊறவைத்து, விரலால் இப்படியும் அப்படியும் அசைத்ததில் பசை விட்டது. மோட்டாரைத் தொடுவதற்கு முன்னால் பாயிண்ட்டைக் கையால் நகர்த்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான். விரலுக்கே முரண்டுபிடிப்பதை எந்த மோட்டாரும் இழுக்காது.

நான்காவதுதான் மோட்டார் சம்பந்தப்பட்டது. அதில் இருந்தது சோலினாய்டு: எதிரெதிராக இரண்டு சுருள், நடுவே ஓர் இரும்புத் தண்டு. பொத்தானை அழுத்தும் கண நேரத்துக்குச் சில ஆம்பியர் கேட்கும். சாதாரண ரயில் கன்ட்ரோலரின் துணை இணைப்பு ஓர் ஆம்பியர் கொடுத்தாலே அதிகம். அதிலும் மேடையின் மறுகோடிவரை மெல்லிய வயர் இழுத்திருந்தால் மோட்டார் முனகத்தான் செய்யும். இங்கே உதவுவது சிடியு என்ற சிறு பெட்டி. கிணற்றில் வாளி வாளியாக இறைத்துத் தொட்டியை நிரப்பி, மடையை ஒரேயடியாகத் திறப்பதுபோல, கெப்பாசிட்டர்களில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே வீச்சில் அனுப்புகிறது. பொத்தான் சிக்கிக்கொண்டாலும் சுருள் கருகாது. சேர்த்தது தீர்ந்ததும் சொட்டு மின்சாரம்தான் போகும். சிடியுவை வைத்து வயரையும் தடிமனாக்கிய பிறகு நாக்கு ‘சடக்’கென்று போய் அமர்ந்தது. சோலினாய்டு வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்.

ஒப்பிட்ட இன்னொரு வகை, மெதுவாக நகர்த்தும் மோட்டார். அமெரிக்காவின் சர்க்யூட்ரான் தயாரிக்கும் ‘டார்டாய்ஸ்’ இதில் பெயர் பெற்றது. ஆமை என்ற பெயருக்கேற்ப நாக்கை நகர்த்தச் சுமார் மூன்று நொடி எடுத்துக்கொள்கிறது. நகர்த்தி முடித்ததும் அணைவதில்லை, அழுத்தியபடியே நிற்கிறது. அப்படி நிற்க அதற்கு வேண்டியது சுமார் 16 மில்லி ஆம்பியர்தான். நாக்கு ஊர்ந்து போய் ஸ்டாக் ரெயிலோடு சேர்வதைப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் நிஜ ரயில் யார்டு நினைவுக்கு வரும்.

அதைவிடப் பெரிய லாபம் உள்ளேயே இருக்கும் இரண்டு சுவிட்சுகள். முதல் பாயிண்ட்டின் நிரந்தரத் தீர்வு இங்கேதான் கிடைக்கிறது. தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் வி வடிவ முனைக்குப் பெயர் ஃப்ராக், அதாவது தவளை. பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதற்கேற்ற தண்டவாளத்தின் மின்சாரம் தவளைக்குப் போக வேண்டும். அந்த வேலையைச் சுவிட்சிடம் கொடுத்துவிட்டால், கடுகளவு தொடுதலை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை: நாக்கும் தவளையும் ஒரே உலோகமாக இணைந்திருக்கும் பாயிண்ட்டில், மோட்டார் பாதி வழியில் இருக்கும்போதே சுவிட்சு மாறினால் ஷார்ட் ஆகும். நாக்கைத் தவளையிலிருந்து வெட்டிப் பிரித்து, பக்கத்து ஸ்டாக் ரெயிலோடு வயரால் இணைத்துவிட வேண்டும். பிரிட்டனில் டெவன் பகுதியின் பீர் கிராமத்திலிருந்து வரும் பெக்கோ நிறுவனத்தின் ‘யூனிஃப்ராக்’ பாயிண்ட்களில் இந்த இணைப்பு தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டுவிடுகிறது. சால்டரிங் பழகாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

குறையும் உண்டு. ஆமைக்கு மேடையின் அடியில் எட்டு செ.மீ.க்கு மேல் உயரம் வேண்டும். நாக்கை ஏதாவது ஒரு பக்கமாக இழுத்துப்பிடிக்கும் ஸ்பிரிங் உள்ள பாயிண்ட் என்றால், மெதுவான மோட்டார் நடுவழியில் திணறாதிருக்க அதைப் பலர் கழற்றிவிடுகிறார்கள். ஸ்பிரிங் போனபின் அந்தப் பாயிண்ட்டைக் கையால் மாற்றினால் நிலையாக நிற்காது.

சோதனை முடிந்தபோது ஐந்து பாயிண்ட்களுக்கு மெதுவான மோட்டார் வந்திருந்தது. மூன்று சோலினாய்டிலேயே தங்கின. சரக்குப் பாதையின் கோடியில் உள்ள ஒன்பதாவதற்கு நேர் கீழே மேடையின் குறுக்குச் சட்டம் போகிறது. அங்கே எந்த மோட்டாருக்கும் இடமில்லை. அதைச் சொந்தக்காரர் இப்போதும் விரலால்தான் மாற்றுகிறார். குட்டி எஞ்சின் ஊர்கிற வேகத்திலும் அதன்மேல் நிற்காமல் போகிறது.