வாக்குத் தவறாத காதலன்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வறண்ட பூமியில் கண்மாய்க்கரைக் கன்னிமாரைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தேவகன்னிக் கதை புதிதல்ல. குளிக்க இறங்கிய கன்னியரில் ஒருத்தியின் சேலையை ஒருவன் ஒளித்து வைக்கிறான். வேறு வழியின்றி அவள் அவனுக்கு மனைவியாகிறாள். சேலை கிடைத்த அன்றே பறந்துவிடுகிறாள். பாட்டிமார் சொல்லும் இந்தக் கதையைக் காதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது திருட்டு.

இளவயதினருக்கான மேல்நாட்டு மாயக் காதல் நாவல்களில் நிலைமை தலைகீழ். அமெரிக்க நாவலாசிரியை ஹாலி பிளாக் 2018-ல் வெளியிட்ட ‘தி க்ரூயல் பிரின்ஸ்’ நல்ல உதாரணம். ஜூட் 17 வயது மனிதப் பெண். கார்டன் மாயலோகத்து இளவரசன், அழகன், கொடியவன். அந்த லோகத்தாருக்குப் பொய் சொல்ல வராது. ஜூட்டுக்கு வரும், அதுவே அவளுடைய ஆயுதம். ஓராண்டும் ஒரு நாளும் தன் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக அவனிடம் வாக்கு வாங்கிவிடுகிறாள். பலவீனமானவளின் பயத்தையும் ஆசையையும் ஆசிரியை மழுப்பாமல் எழுதியிருக்கிறார். ஆனால், மீறவே முடியாத வாக்கில் காதலுக்கு என்ன சோதனை? சேலையை ஒளிப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைவிடத் துணிச்சலாக எழுதினார். கயிலையில் உமாதேவியின் சேடியர்மேல் மனம் வைத்ததால் சுந்தரர் பூமியில் பிறக்கிறார், அவர்களும் பிறக்கிறார்கள். அநிந்திதை சங்கிலியாகிறாள். பிரியமாட்டேன் என்று திருவொற்றியூர்ச் சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில், இறைவன் அங்கிராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டுமென்று சுந்தரர் தந்திரமாக ஏற்பாடு செய்கிறார். விஷயம் சங்கிலிக்கு எட்டிவிடுகிறது. மரத்தடியிலேயே சத்தியம் செய்ய வேண்டியதாகிறது. பிறகு அதை மீறுகிறார். ஊர் எல்லை தாண்டியதும் இரு கண்களும் போகின்றன. ஒரு கண் காஞ்சியிலும் மற்றது திருவாரூரிலும் திரும்பக் கிடைக்கின்றன. அப்படியும் முதல் மனைவி பரவையின் கோபம் தணிய, இறைவனே இரண்டு முறை தூது நடக்க வேண்டியிருக்கிறது. பிற்பாடு திருச்சுழிக்கு வந்து பதிகம் பாடியவர் இந்தச் சுந்தரர்தான். மீற முடிந்தவர் மீறி, அதற்கு விலையும் கொடுத்தார். அதனால்தான் இந்தக் கதையில் உயிர் இருக்கிறது.

சேக்கிழாரிடமும் ஒரு குறை உண்டு. ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியின் மனத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஜூட்டைப் படைத்தவரிடம் நம் எழுத்தாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த இடத்தில்தான். நம் பிள்ளைகளுக்காக ஒரு மாயக் காதல் நாவல் எழுத நினைப்பவர், அந்த மகிழ மரத்தடியில் தனியே நிற்கும் பெண்ணிடமிருந்து ஆரம்பிக்கலாம்.