‘அவர்’ என்று சொன்னது யார்?

செர்வாண்டிஸின் ‘டான் குவிக்ஸாட்’ 1605-ல் மாட்ரிட்டில் வெளிவந்தபோது அதில் ஒரு கழுதை காணாமல் போயிருந்தது. சான்சோ பான்சாவின் கழுதைதான். எப்படிப் போனது என்று ஒரு வரி கிடையாது. பிறகு சில அத்தியாயங்கள் கழித்து, எதுவுமே நடக்காததுபோல அது திரும்ப வந்து நிற்கும். அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் கழுதை திருட்டுப்போன கதையைச் சேர்த்தார்கள். சேர்த்த இடம் சரியில்லை. திருட்டுப்போன பிறகும் சான்சோ அதன் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறான்! 1615-ல் இரண்டாம் பாகம் வந்தபோது செர்வாண்டிஸ் அந்தக் குழப்பத்தைக் கதைக்குள்ளேயே இழுத்துக்கொண்டார். சான்சோவிடமே கேள்வி கேட்கப்படுகிறது. எழுதினவர் தப்பாக எழுதியிருக்கலாம், இல்லாவிட்டால் அச்சடித்தவர் கவனக்குறைவாக இருந்திருக்கலாம் என்று அவன் கையை விரித்துவிடுகிறான்.

இந்த வகைப் பிழைகளைத் தேடிப் பிடிப்பதில் வாசகர்களுக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. டாக்டர் வாட்சனுக்குக் குண்டடி பட்டது 1887-ல் வந்த முதல் நாவலில் தோளில். 1890-ல் வந்த இரண்டாவது நாவலில் காலில். ஜான் வாட்சனை அவர் மனைவியே ஒரு கதையில் ‘ஜேம்ஸ்’ என்று கூப்பிடுகிறாள். வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலில் பிக்கியின் மூக்குக்கண்ணாடியை வைத்துத்தான் பையன்கள் தீ மூட்டுகிறார்கள். ஆனால் பிக்கிக்குக் கிட்டப்பார்வை. கிட்டப்பார்வைக்குப் போடும் குழிவில்லை வெயிலைச் சிதறடிக்கும், குவிக்காது. பத்தாம் வகுப்பு இயற்பியல்.

சரி, அதனால என்ன? ஒன்றும் இல்லை. ஷெர்லக் ஹோம்ஸ் இன்றும் வாசிக்கப்படுகிறார். பிக்கியின் கண்ணாடி உடையும்போது நமக்கு வயிறு பதறத்தான் செய்கிறது. நல்ல கதை இந்த மாதிரிப் பிழைகளைத் தாங்கிக்கொள்ளும். இவை ஆசிரியரின் ஞாபகத்தில் ஏற்பட்ட ஓட்டைகள், அவ்வளவுதான். இதை வைத்து ஒரு நாவலை மட்டம் தட்டுகிற விமர்சனத்தில் எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் இருக்கிறது. பெரிய எழுத்தாளர் என்றால் பிழையையும் சேர்த்துக் கும்பிடுவது. அமெரிக்க விமர்சகர் எஃப். ஓ. மத்தீசன் 1941-ல் வெளியிட்ட ‘அமெரிக்கன் ரெனைசான்ஸ்’ நூலில் ஹெர்மன் மெல்வில்லின் ‘ஒயிட் ஜாக்கெட்’ நாவலிலிருந்து ஒரு சொற்சேர்க்கையை எடுத்து வியந்து எழுதினார். கடலின் ‘அழுக்கான மீன்’. தூய்மையான கடலுக்குள் அழுக்கைப் பார்த்த அந்தக் கற்பனை மெல்வில்லுக்கு மட்டுமே வாய்க்கும் என்கிற தொனியில் பாராட்டு. மெல்வில் எழுதியது ‘சுருண்ட மீன்’. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பிற்காலப் பதிப்பு ஒன்றில் அச்சுக் கோத்தவர் கை தவறிவிட்டது. 1949-ல் ஜான் நிகல் என்ற ஆய்வாளர் இதை வெளிப்படுத்தினார். மத்தீசன் சாதாரண ஆள் இல்லை, அந்தத் துறையின் முன்னோடி. பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் படித்தால் யாருக்கும் இது நடக்கும்.

ஹென்றி ஜேம்ஸின் ‘தி அம்பாசடர்ஸ்’ விஷயம் இன்னும் விசேஷம். நாவலில் பார்வைக்கோணம் என்பதைப் பற்றி ஜேம்ஸ் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அந்த நாவல் முழுக்க ஸ்ட்ரெதர் என்ற ஒரே மனிதனின் மனம் வழியாகவே நகரவேண்டும் என்று திட்டமிட்டு எழுதினார். அதைத்தான் தன் படைப்புகளிலேயே மிகச் சிறந்ததாகவும் நினைத்தார். 1903-ல் அமெரிக்காவில் வந்த பதிப்பில், கடைசிப் பகுதியில் இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டன. அதே ஆண்டு லண்டனில் வந்த பதிப்பில் வரிசை வேறு. 1909-ல் ஜேம்ஸே திருத்தி முன்னுரையும் எழுதிய பதிப்பிலும் அமெரிக்க வரிசையே தொடர்ந்தது. 1950-ல் ராபர்ட் யங் என்பவர் எடுத்துச் சொல்லும்வரை இது பேசுபொருளாகவே ஆகவில்லை. இல்லை, அமெரிக்க வரிசைதான் சரி என்று வாதாடியவர்களும் பின்னால் வந்தார்கள். யார் சொல்வது சரியோ, ஒன்று நிச்சயம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்த நாவலைப் பேராசிரியர்கள் பாடம் நடத்தியிருக்கிறார்கள், விமர்சகர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். ஒரு அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, ‘இந்த ஆளுக்கு இப்போது என்ன தெரியும், என்ன தெரியாது’ என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் பார்வைக்கோணம் என்று சொல்வது இந்தக் கேள்வியைத்தான். யார் பார்க்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும். கழுதை காணாமல் போனால் கதை பிழைத்துக்கொள்ளும். பார்க்கிற கண் காணாமல் போனால் பிழைக்காது.

மெல்வில்லின் ‘மோபி டிக்’ இதற்குச் சரியான சாட்சி. 1851 அக்டோபரில் லண்டனில் ‘தி வேல்’ என்ற பெயரில் அது மூன்று தொகுதிகளாக வந்தது. அந்தப் பதிப்பில் கடைசியில் வரவேண்டிய சின்னப் பின்னுரை விடுபட்டுப்போனது. கப்பல் மூழ்கியபின் இஸ்மாயில் மட்டும் ஒரு சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்து, இன்னொரு கப்பலால் காப்பாற்றப்படுகிற பகுதி அது. அது இல்லாததால் பிரிட்டிஷ் விமர்சகர்கள் சிலர் நியாயமாகவே கேட்டார்கள்: எல்லாரும் செத்துப்போனார்கள் என்றால் இந்தக் கதையை எங்களுக்குச் சொல்வது யார்? ஒரே ஒரு பக்கம் விடுபட்டதால் நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களைப் பேசிய குரல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

அதே நாவலில் இன்னொன்றும் உண்டு. ஆஹாப் தனியாகத் தன் அறையில் உட்கார்ந்து பேசுவதை இஸ்மாயில் எப்படிக் கேட்டான்? கேட்டிருக்க முடியாது. ஆனால் மெல்வில் அந்த அத்தியாயங்களுக்கு நாடகப் பிரதிபோலக் காட்சிக் குறிப்பு கொடுத்துவிடுகிறார். ‘இப்போது மேடை போடுகிறேன், பாருங்கள்’ என்று நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார். சொல்லிவிட்டுத் தாண்டினால் அது தாவல். தாண்டியது தனக்கே தெரியாமல் இருந்தால்தான் அது சறுக்கல். ‘அன்னா கரேனினா’வில் வேட்டைக் காட்சியின் நடுவில் டால்ஸ்டாய் லாஸ்கா என்ற நாயின் மனதுக்குள் போய்விட்டு வருவார். யாருக்கும் உறுத்துவதில்லை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் வாசகர்களோடு நேராகப் பேசிக்கொண்டே போவார், வேண்டும்போது யார் மனதுக்குள்ளும் நுழைவார். அது அந்தக் கதைசொல்லி முதல் பக்கத்திலேயே வாங்கிக்கொண்ட உரிமை. ஆக, ‘ஒரு காட்சிக்கு ஒரு பார்வைதான் இருக்கவேண்டும்’ என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்லித்தருகிற விதியை நான் இங்கே தூக்கிப்பிடிக்கவில்லை.

பார்வைக்கோணம் வெறும் உத்தி விவகாரம் இல்லை என்பதற்கு 1857-ல் பாரிஸில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். ‘மேடம் போவாரி’ ஒழுக்கக்கேடான நூல் என்று ஃப்ளோபேர் மீது வழக்கு. அரசு வழக்கறிஞர் பினார், கள்ளக்காதலுக்குப் பின் எம்மா அடைகிற பரவசத்தை விவரிக்கும் வரிகளைப் படித்துக் காட்டி, ஆசிரியர் இதைக் கொண்டாடுகிறார் என்றார். அந்தப் பரவசம் எம்மாவுடையது. படர்க்கையில், மேற்கோள்குறி இல்லாமல், ‘என்று நினைத்தாள்’ இல்லாமல் ஃப்ளோபேர் எழுதியிருந்தார். அதனால் அது ஆசிரியரின் குரலாகவே பினார் காதில் விழுந்தது. ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் பிற்காலத்தில் இந்த வழக்கை இப்படித்தான் விளக்கினார். ஃப்ளோபேர் விடுதலையானார். ஒரு வாக்கியத்தின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி நீதிமன்றம்வரை போயிருக்கிறது என்பதுதான் விஷயம்.

இனி நம் மொழிக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கறாரானது என்பது என் எண்ணம். ஆங்கில வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு நாம் ‘ஒரு பாத்திரத்தின் மனதிலிருந்து இன்னொரு பாத்திரத்தின் மனதுக்குத் தாவக்கூடாது’ என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். தமிழில் மனதுக்குள் நுழைவதற்கு முன்பே, வினைமுற்றிலேயே பார்வை வெளிப்பட்டுவிடுகிறது.

‘தான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கமலாவுக்கு சுந்தரம் மேல் கோபம். தன்னை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.’ இரண்டாவது வாக்கியத்தின் எழுவாய் ‘அவன்’. ஆனாலும் ‘தன்னை’ கமலாவைத்தான் குறிக்கிறது. ஏனென்றால் நாம் கமலாவின் மனதுக்குள் இருக்கிறோம். ‘அவளை அவன் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை’ என்று மாற்றினால் வெளியே வந்துவிட்டோம், கதைசொல்லி தகவல் தருகிறார். ஒரே ஒரு சொல்தான். ஒரே பத்தியில் ‘தன்னை’யும் ‘அவளை’யும் மாறிமாறி வந்தால் வாசகர் உள்ளேயும் வெளியேயுமாக அலைகிறார். ஏன் ஒட்டவில்லை என்று அவருக்குத் தெரியாது, புத்தகத்தை மூடிவைத்துவிடுவார்.

அதைவிடப் பெரியது அவன், அவர் பிரச்சினை. நண்பர்களின் கைப்பிரதிகளை வருடக்கணக்காகப் படித்துத் தருகிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. எந்தக் கதையையும் சுட்டாமல் நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

‘செல்லம்மா களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். பண்ணையார் மகன் பைக்கில் வந்து இறங்கினார். மாடசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். இந்த ஜனங்களை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்கு யோசனையாக இருந்தது.’

கதை செல்லம்மாவின் பார்வையில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் படித்தவர் கடைசி வாக்கியத்தில் கைவைப்பார். பண்ணையார் மகனின் யோசனை செல்லம்மாவுக்கு எப்படித் தெரியும்? சரிதான். ஆனால் சறுக்கல் இரண்டாவது வாக்கியத்திலேயே நடந்துவிட்டது. பண்ணையார் மகனுக்கு வயது இருபத்தைந்து. மாடசாமிக்கு அறுபது. மாடசாமி செல்லம்மாவின் அப்பா. பெற்ற மகளின் கண் வழியாகப் பார்க்கிற கதையில் அவளுடைய அப்பா ‘நின்றான்’, பண்ணை வீட்டுப் பையன் ‘இறங்கினார்’. அவள் தன் அப்பாவை மனதுக்குள் ‘மாடசாமி’ என்றா சொல்வாள்? ‘அப்பா’ என்பாள், ‘அய்யா’ என்பாள். அந்தப் பையனை நேரில் ‘வாங்க’ என்று கூப்பிட்டாலும் மனதுக்குள் எப்படிச் சொல்வாள்? ‘வந்துட்டான்’ என்றா, அங்கேயும் பயம் விடாமல் ‘வந்துட்டாரு’ என்றா? கதையே அந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுதியவர் அதை யோசிக்கவே இல்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அந்தப் பழக்கம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இந்த எழுத்தாளர் கெட்டவர் இல்லை. உழைப்பவர் பக்கம் நின்று எழுதவேண்டும் என்று மனதார விரும்புபவராகத்தான் இருப்பார். கதையின் கருத்து செல்லம்மா பக்கம், விகுதி பண்ணையார் பக்கம். கருத்தை மட்டும் பார்த்து ‘விளிம்புநிலை மக்களின் குரல்’ என்று நாம் மதிப்புரை எழுதிவிடுகிறோம். மத்தீசன் மீனைப் பாராட்டினாரே, அதே மாதிரி.

இதற்கு ‘எல்லாருக்கும் அவர் போடு’ என்பது தீர்வு இல்லை. மரியாதைப் பன்மையைப் பொதுவாகத் தூவினால் உறவுகளின் உரசல் முழுக்க மறைந்துவிடும். சில வீடுகளில் அம்மாவை ‘வந்துச்சு’ என்பார்கள், அதில் ஒரு குறைவும் இல்லை, பாசம்தான். சில ஊரில் கணவனை ‘அவுக’, சில ஊரில் ‘அந்த ஆளு’. ஒவ்வொன்றும் ஒரு முடிவு. அதை எடுக்கவேண்டியவர் எழுத்தாளர். எடுத்தீர்களா என்று கேட்கவேண்டியவர் எடிட்டர்.

அங்கேதான் நமக்குப் பள்ளம். தமிழில் எடிட்டிங் என்றால் பெரும்பாலும் மெய்ப்புப் பார்ப்பதைத்தான் சொல்கிறோம். ஒற்று மிகுமா மிகாதா, ‘ன’வா ‘ண’வா. அதுவும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிரதியோடு உட்கார்ந்து ‘இந்த வாக்கியம் யாருடையது?’ என்று கேட்பது வேறு வேலை. 1974-ல் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தில் ராமகிருஷ்ணன் அந்த வேலையைப் பிடிவாதமாகச் செய்தார். 1992-ல் அவர்கள் கொண்டுவந்த தற்காலத் தமிழ் அகராதியும் அதே பிடிவாதத்தின் விளைவு. 2020-ல் அவர் மறைந்தபோது நாம் எழுதிய அஞ்சலிகளில் எல்லாம் ‘செம்மையான பதிப்பு’ என்ற சொல் இருந்தது. அந்த வேலைக்கு நேரமும் சம்பளமும் கொடுப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

எழுத்தாளர்களும் இதை எளிதில் ஏற்பதில்லை. ‘என் எழுத்தில் கைவைக்க நீ யாரு?’ என்ற கோபம் சீக்கிரம் வருகிறது. எடிட்டர் கைவைக்கவேண்டாம், கேட்டால் போதும். செல்லம்மா கதையை எழுதியவரிடம் ‘மாடசாமி நின்றான் என்று சொல்வது யாருங்க, நீங்களா, அவளா?’ என்று ஒரே ஒரு கேள்வி. அவர் யோசித்துவிட்டு ‘நான்தான்’ என்றால், அந்தக் கதையை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதவேண்டியிருக்கும். ‘அவள்தான்’ என்றாலும் திரும்ப எழுதவேண்டியிருக்கும். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது, செல்லம்மாவுக்கும் நல்லது.