புள்ளி விழும் பேனா

டேப்லெட்டுக்கு எந்தப் பேனா வந்தாலும் நான் அதில் முதலில் எழுதிப் பார்ப்பது ‘கும்மிடிப்பூண்டி’. பிழைப்பு நடக்கிற ஊர் என்ற பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதைவிடக் கடினமான தேர்வுத்தாள் கிடைக்காது. கு, மி, டி, பூ என்று வரிசையாகச் சுழி. நடுவே ம், ப், ண் என்று மூன்று புள்ளி. சுழியை எந்தப் பேனாவும் ஒருவழியாகப் போட்டுவிடும். புள்ளியில்தான் சாயம் வெளுக்கும்.

புள்ளிக்குப் பேனா கண்ணாடியில் தங்கும் நேரம் கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. தொட்டதும் எடுத்துவிடுகிறோம், அழுத்தமும் கிடையாது. பெட்டியின் மேல் 4,096 அழுத்த நிலைகள் என்று பெரிதாக அச்சடிக்கிறார்களே, அதில் கடைசி ஆயிரம் எனக்கு வேண்டாம். முதல் நிலை ஒழுங்காக இருக்கிறதா? பூ விழுகிற மாதிரி வைத்தாலும் விழுகிறதா? ரப்பர் முனைக் குச்சிகள் இங்கேயே தோற்றுவிடும். பேனாவை எடுத்துப் பார்த்தால் ‘கும்மி’, ‘குமமி’யாக இருக்கும்.

இந்த விஷயத்தில் நான் எஸ் பென் கட்சி. 2011இல் முதல் கேலக்ஸி நோட்டோடு வந்தபோதே மனம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே இருப்பது ஜப்பானின் வாகாம் நிறுவனத்தின் வித்தை. திரைக்கு அடியில் இருக்கும் தகட்டின் காந்தப்புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. எழுதுவதற்கு பேட்டரி தேவையே இல்லை. ஆப்பிள் பென்சில் நண்பர்கள் சிரிப்பார்கள். சாய்த்துப் பிடித்து நிழல் தீட்டுவதில் அவர்கள் பேனாவின் அழகை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் கையெழுத்துப் போடப் போகும்போது பேனாவுக்குச் சார்ஜ் இல்லை என்று நிற்பது என்ன நியாயம்? பேனாவுக்கா சார்ஜ்? 2023இல் ஆப்பிள்காரர்கள் விட்ட யுஎஸ்பி-சி பென்சிலில் அழுத்தம் உணரும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இந்தப் பேனாவின் அருமை வேறு விதம். ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் கையுறையைக் கழற்றாமல் டிராயிங்கில் குறிக்கலாம். மே மாத வெயிலில் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டித் திரையில் விழுந்தாலும் பேனா குழம்பாது, விரல்தான் குழம்பும். அதனால் டேப்லெட் கைக்கு வந்ததும் செட்டிங்ஸில் விரலால் வரைவதை அணைத்துவிடுங்கள். உள்ளங்கையைத் தாராளமாக ஊன்றி எழுதலாம். வெல்டிங் குறிகளுக்கு அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்கிற பேனாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே தடிமன் போதும். தமிழில் குறிப்பு எழுத மட்டும் தடிக்கிற பேனா. இன்னொன்று: கோடு ஒரு ஓரத்தில் மட்டும் கோணிக்கொண்டு போனால் பேனாவைத் திட்டாதீர்கள். காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிட்டு எழுதிப் பாருங்கள்.

புள்ளிக்காக இவ்வளவு மல்லுக்கட்டலா என்று கேட்பவர்களுக்கு ஒரு டிராயிங்கைக் காட்டினால் போதும். வெல்டிங்குக்கு விட வேண்டிய இடைவெளி, அதாவது ரூட் கேப், 2.5 மில்லிமீட்டர். புள்ளி விழவில்லை என்றால் 25. அனுபவமுள்ள வெல்டர் சிரித்துவிட்டு வந்து கேட்பார். புதுப் பையன் கேட்க மாட்டான். இப்போது ஷெட்டில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். அவர்களுக்கு இந்தியில் ஒரு வரி எழுதினாலும் தலைக்கு மேல் புள்ளி வந்து நிற்கிறது. தப்பிக்க வழியில்லை.

ஓலையில் எழுதியவர்களுக்கும் இதே தலைவலிதான். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியர் விதித்துவிட்டுப் போய்விட்டார். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பார்கள். பின்னால் ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்கள் எது க, எது க் என்று இடம் பார்த்துப் பிரித்துப் படிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி பொத்துக்கொள்ளாது. நமக்குச் சாக்கு இல்லை.

டிராயிங் ஆபீஸ் காலத்தில் ராட்ரிங் பேனாவுக்குக் காட்டிய மரியாதை வேறு. மஞ்சள் வளையம் என்றால் 0.35, பழுப்பு என்றால் 0.5. காலையில் வந்ததும் காதருகே ஆட்டி, உள்ளே கம்பி ‘டிக் டிக்’ என்று அசைகிறதா என்று கேட்போம். சத்தம் வரவில்லை என்றால் மை காய்ந்துவிட்டது, அன்றைக்கு அரை மணி நேரம் கழுவல். ட்ரேசிங் பேப்பரில் தப்பை அரை பிளேடால் சுரண்ட வேண்டும்; மேலே கீழே பென்சிலில் இரண்டு கோடு இழுத்து, அதற்குள் எழுத்தை நிறுத்த வேண்டும். எழுத்தைப் பார்த்தே யார் வரைந்த ஷீட் என்று சொல்லிவிடலாம். இன்றைய இளம் இன்ஜினியர் தம்பிகள் டேப்லெட்டில் இரண்டாயிரம் பேனா வகைகளை வைத்துக்கொண்டு விரலால் ஒரு கிறுக்கல் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்கள். பேனா அதன் குழியிலேயே தூங்குகிறது. சிலர் நிப்பை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. பெட்டியில் கிடுக்கியோடு மாற்று நிப் வந்ததே தெரியாது. தேய்ந்து சாய்ந்த நிப்பால் எழுதினால் திரை கீறும், அப்புறம் பேனா சரியில்லை என்பார்கள்.

தயாரிக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2025இல் எஸ்25 அல்ட்ரா போனின் பேனாவிலிருந்து ப்ளூடூத்தை எடுத்தபோது ஊரே கூப்பாடு போட்டது. எனக்கு வருத்தமே இல்லை. தூரத்திலிருந்து போட்டோ எடுக்கவா பேனா வாங்குகிறோம்? அதே ஆண்டு ஃபோல்ட் 7இல், போன் மெலிய வேண்டும் என்பதற்காகத் திரைக்கு அடியில் இருந்த அந்தத் தகட்டையே கழற்றிவிட்டார்கள். மடக்கி விரித்தால் எழுதுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும் திரை அது; இனி எஸ் பென் அதில் எழுதாது. ப்ளூடூத்துக்காகக் கத்தியவர்களில் பாதிப் பேராவது இதற்குக் கத்தியிருக்க வேண்டும்.