உரிமையைத் துறக்கும் நிரல்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழி, சிகரத்தை நெருங்கும் இடத்தில் ஓர் ஆழமான பாறைப் பிளவால் அறுபட்டிருக்கிறது. அதைக் கடக்க மரப்பாலம் ஒன்றே வழியாக இருந்ததால், கீழ்க்கோட்டை முழுவதும் கைமாறிய பின்னும் பாலத்தை எடுத்துவிட்டுச் சிலரைக் கொண்டே உச்சியைக் காக்க முடிந்தது. மதில் ஒருநாள் உடையும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, உடைந்த பின் எதிரி எவ்வளவு தூரம் வரலாம் என்பதை வரையறுக்கும் இந்த எண்ணமே கணினி இயங்குதளங்களில் செயலாக்கங்களின் உரிமைகளைக் குறுக்கும் முறைக்கும் அடிப்படை.

செயலாக்கம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். கோப்பைத் திறப்பதானாலும் வலையமைப்பில் பேசுவதானாலும் அது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டே பெற வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு சிஸ்டம் கால், சுருக்கமாக 'அழைப்பு', என்று பெயர். யூனிக்ஸின் பழைய ஒழுங்கில் எல்லாம் செய்யவல்ல 'ரூட்' பயனர், எல்லைக்குட்பட்ட சாதாரணப் பயனர் என்ற இரண்டே நிலைகள் இருந்தன. ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்கு வேண்டிய குறைந்தபட்ச உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்பதை 1975இல் கணினி ஆய்வாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் ஒரு கோட்பாடாக வகுத்தனர். கோட்பாடு எளிது, அதை நடைமுறைப்படுத்தியதில்தான் தடுமாற்றங்கள் நேர்ந்தன.

1999இல் வெளிவந்த லினக்ஸ் 2.2, ரூட்டின் அதிகாரத்தை 'கேப்பபிலிட்டி' எனப்படும் கூறுகளாகப் பிரித்தது. பிரிப்பு பாதியில் நின்றுபோனது என்றே சொல்ல வேண்டும். எந்தப் பிரிவிலும் சேராத கோப்புகளெல்லாம் அலுவலகத்தில் ஒரே எழுத்தரின் மேசையில் குவிவதுபோல, கேப்_சிஸ்_அட்மின் என்ற ஒரே கூறில் ஏராளமான அதிகாரங்கள் குவிந்ததால், அதைப் பெற்ற நிரல் ஏறக்குறைய ரூட்டாகவே ஆகிவிடுகிறது. அதைவிடக் கசப்பான பாடம் 2000இல் கிடைத்தது. சாதாரணப் பயனர் ஒருவர், பயனர் அடையாளத்தை மாற்றும் கூறினைப் பறித்துவிட்டு சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலை இயக்க முடிந்தது. ரூட்டாகத் தொடங்கும் அந்நிரலோ, ரூட் உரிமையை முழுவதும் விடும் ஆற்றலை இழந்த நிலையில், விட்டுவிட்டதாக நம்பியே தொடர்ந்து ஓடியது. உரிமையைக் குறைத்த செயலே உரிமையைக் கூட்டும் ஓட்டையாயிற்று. காவலுக்கென்று செய்யப்படும் எதுவும் காவலையே கூட்டும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு நிகழ்வே அசைத்துவிடுகிறது.

பின்னர் லினக்ஸில் வந்த செக்காம்ப் என்ற வசதி வேறு வழியை எடுத்தது. 2005இல் அது படித்தல், எழுதுதல், வெளியேறுதல் போன்ற நான்கு அழைப்புகளை மட்டுமே அனுமதித்தது. 2012 முதல், எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்று ஒரு வடிகட்டியையே நிரலால் எழுதித் தர முடிகிறது. ராஜகிரியோடு செய்த ஒப்புமை இங்கே முறிகிறது: கோட்டைக் காவலர் எடுத்த பாலத்தை மீண்டும் போடலாம், ஆனால் செக்காம்ப் வழியே துறந்த உரிமையை அந்தச் செயலாக்கமும் அதன் வழித்தோன்றல்களும் திரும்பப் பெறவே முடியாது. நிரலைக் கைப்பற்றிய ஊடுருவியும் அதே சிறைக்குள்தான் வந்து சேர்கிறான் என்பதால், இம்முறையின் மெய்யான வலிமை இந்த மீளாமையில்தான் இருக்கிறது.

அதன் குறையும் அங்கிருந்தே பிறக்கிறது. ஒரு நிரலுக்கு நாளை எது தேவைப்படும் என்பதை இன்றே அறிந்தாக வேண்டும். நிரல் நம்பியிருக்கும் நூலகங்களோ யாரையும் கேட்காமல் மாறுகின்றன. 2021இல் லினக்ஸ் நிரல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு, ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளை உருவாக்க குளோன்3 என்ற புதிய அழைப்பைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, அதை அறியாத பழைய வடிகட்டிகள் 'அப்படியொரு அழைப்பு இல்லை' என்று சொல்வதற்குப் பதிலாக 'அனுமதி இல்லை' என்று பதிலளித்ததால், நூலகம் பழைய வழிக்குத் திரும்பாமல், கன்டெய்னர் எனப்படும் தனித்த சூழல்களுக்குள் நிரல்கள் முடங்கின. 2016இல் வெளியான ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 5.9 பதிப்பில் இடம்பெற்ற பிளெட்ஜ் என்ற முறை இவ்வகையில் மேலானது: அது அழைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் 'கோப்பைப் படித்தல்', 'வலையமைப்பு' என வகைகளாகக் கேட்கிறது; உறுதிமொழியை நிரலை எழுதியவரே நிரலுக்குள் எழுதுகிறார்; மீறினால் கெர்னல் நிரலைக் கொன்றுவிடுகிறது. கெர்னலும் நூலகமும் அடிப்படை நிரல்களும் ஒரே குழுவின் கையில் இருக்கும் இடத்தில்தான் இந்த எளிமை இயல்பாகக் கைகூடுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே, காவலரான கெர்னலே பிழை செய்தால் என்னாகும் என்ற கேள்வி இருக்கிறது. முகலாயப் படையை 1690 முதல் 1698 வரை இழுத்தடித்த செஞ்சி, 1750இல் பிரெஞ்சுக்காரரின் ஓர் இரவுத் தாக்குதலில் விழுந்தது. 2022இல் லினக்ஸ் கெர்னலில் வெளிப்பட்ட 'டர்ட்டி பைப்' பிழைக்கும் அரிய உரிமை எதுவும் தேவைப்படவில்லை. பெரும்பாலான வடிகட்டிகள் ஐயமின்றி விடும் சாதாரண அழைப்புகளாலேயே, படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பின் உள்ளடக்கத்தை நினைவகத்தில் மாற்றி எழுத முடிந்தது. வடிகட்டி வாசல்களைக் குறைக்கிறதே தவிர, திறந்திருக்கும் வாசலின் நிலைச்சட்டத்தைச் சோதிப்பதில்லை. செஞ்சிக் கடைவீதியில் பணம் பெறும் கைப்பேசியிலும் இருக்கும் ஆண்ட்ராய்டு, 2017இன் 8.0 பதிப்பில் செயலிகளுக்கு செக்காம்ப் வடிகட்டியைக் கொண்டுவந்தபோது, எண்ணற்ற செயலிகள் முறியக்கூடாது என்பதால், 64-பிட் ஆர்ம் கருவிகளில் 271 அழைப்புகளுள் 17ஐ மட்டுமே அடைத்தது. எஞ்சிய 254இன் பின்னாலும் இருப்பது அதே ஒரு கெர்னல்தான்.