கரைமணலின் இலத்திரனும் அதிர்வும்

கல்முனைக்குடியிலிருந்து தெற்கே திருக்கோவில் கரையில் இல்மனைட் உண்டு. வடக்கே புல்மோட்டைக் கருமணலில் இல்மனைட்டோடு ரூட்டைலும் சேர்க்கனும் கிடைக்கின்றன. ரூட்டைல் என்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. உலோக ஒட்சைட்டுகளைக் கணினியில் ஆராய்வோர் தம் முறைகளை உரசிப் பார்க்க மீண்டும் மீண்டும் எடுக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று.

இத்துறையின் அடித்தளம் 1964, 1965இல் ஹோஹன்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் அமைத்த அடர்த்திச் சார்புக் கோட்பாடு. ஒவ்வோர் இலத்திரனையும் தனித்தனியே பின்தொடர வேண்டாம், அவற்றின் அடர்த்தி தெரிந்தால் பொருளின் சக்தி தெரியும் என்கிறது அது. கோனுக்கு 1998இல் இரசாயன நோபல் கிடைத்தது. ஆனால் ஒட்சைட்டுகள் எளிதில் வசப்படவில்லை. பட்டைக் கோட்பாட்டின்படி மின்னைக் கடத்த வேண்டிய நிக்கல் ஒட்சைட்டு கடத்துவதில்லை என்று 1937இலேயே டி போயரும் வெர்வேயும் சுட்டிக்காட்டியிருந்தனர். ஒரே அணுவில் நெருங்கும் டி இலத்திரன்களின் விலக்கமே காரணம். அனிசிமோவ், ஸானன், ஆண்டர்சன் ஆகியோர் 1991இல் அந்த விலக்கத்தைக் கணிப்புக்குள் தனி உறுப்பாகச் சேர்த்தனர்.

இலத்திரன்கள் நிரம்பிய மட்டங்களுக்கும் வெற்று மட்டங்களுக்கும் இடையிலான சக்தி இடைவெளி ரூட்டைலில் அளவீட்டின்படி சுமார் 3.0 இலத்திரன்வோல்ற்று. அடர்த்திச் சார்புக் கோட்பாட்டின் வழக்கமான தோராயங்கள் 1.8, 1.9 என்றே தருகின்றன. இலத்திரன்களின் துல்லியப் பரிமாற்றச் சக்தியில் ஒரு பங்கைக் கலக்கும் கலப்பு முறைகளில் அது 3ஐத் தாண்டிவிடுகிறது.

இலத்திரன்களைப் போலவே அணுக்களின் அதிர்வுகளும் ஒரு சோதனை. அவற்றை ஒளிச்சிதறலால் அளக்க வழி திறந்தவர்கள் ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும், ஆண்டு 1928. அதே அதிர்வுகளைக் கோட்பாட்டிலிருந்தே கணிக்கும் வழியை 1987இல் பரோனி, ஜியானோஸி, டெஸ்டா மூவரும் தந்தனர். ரூட்டைலில் தைத்தேனியமும் ஒட்சிசனும் எதிரெதிராக அசையும் அதிர்வு ஒன்று உண்டு. கனவளவைச் சற்றே மிகைப்படுத்தும் பிபிஇ தோராயத்தில் அதன் அதிர்வெண் கற்பனை எண்ணாகி, உறுதியான படிகம் உறுதியற்றதாகத் தோன்றுகிறது. அதைவிட எளிய எல்டிஏ தோராயமோ உறுதியான படிகத்தையே காட்டுகிறது. ஆனால் எல்டிஏயும் சக்தி இடைவெளியைக் குறைத்தே சொல்கிறது.

ஒன்றில் சரியாக வந்த முறை மற்றதில் பிழைக்கலாம் என்பதே இதன் பாடம். ஆயினும் சக்தி இடைவெளியும் அதிர்வும் ஒன்றோடொன்று தொடர்புடையவை: ஒட்சிசனின் பி இலத்திரன்கள் தைத்தேனியத்தின் வெற்று டி மட்டங்களோடு கலக்கின்றன. அதனால் அணு அசையும்போது ஏற்றமும் சேர்ந்து நகர்கிறது. தைத்தேனியத்தின் ஏற்றம் பெயரளவில் 4, அதிர்வில் அது 6ஐத் தாண்டிச் செயற்படுகிறது. ஆகவே சக்தி இடைவெளி ஒன்றை மட்டும் அளவீட்டோடு பொருத்திக் காட்டும் ஆய்வு பாதி ஆய்வுதான்.

அளந்தறியும் மரபு நம்மிடம் வலுவாகவே இருக்கிறது. கண்டி ஹந்தானை அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழு ஒட்சைட்டுச் சூரியக் கலங்களை வளர்த்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ரவிராஜன் தைத்தேனியம் ஈரொட்சைட்டையும் பல்பகுதியத்தையும் இணைத்த கலங்களில் உழைத்துவருகிறார். கணிப்புக்குப் பெருஞ்செலவும் வேண்டியதில்லை: குவாண்டம் எஸ்பிரெசோ இலவச மென்பொருள், ரூட்டைலின் அலகுக் கூட்டில் ஆறே அணுக்கள். சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் மாணவர் ஒருவர் ரூட்டைலிலிருந்து தொடங்கலாம். அடுத்தது பத்து அணுக்களும் இரும்பின் காந்தத்தன்மையும் கொண்ட இல்மனைட். இடைவெளி, அதிர்வு, காந்தம் மூன்றையும் ஒரே கணிப்பில் சரிபார்க்க வைக்கும் அந்தக் கடினமான கனிமம் நம் கரையிலேயே கிடக்கிறது. அதைக் கணித்தறியும் பொறுப்பும் நமக்கே முதலில் உரியது.