ஓட்டல் வரலாற்றில் பந்தி எங்கே?

தமிழில் 'ஓட்டல்' என்றால் சாப்பாட்டுக் கடை. தங்குற இடத்துக்கு 'லாட்ஜ்'னு தனிப் பேர் வச்சிருக்கோம். ரயிலடி ஊர்களில் கீழே ஓட்டல், மாடியில் லாட்ஜ் என்று ரெண்டையும் ஒரே குடும்பம் நடத்தினாலும், பேர் வாங்கித் தந்தது பெரும்பாலும் கீழ்த்தளம்தான். அந்தக் குடும்ப ஓட்டல்களின் வரலாறு இப்போது மலர்களிலும் இணையத்திலும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலும் நிறைய எழுதப்படுகிறது. அந்த எழுத்து வகையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இதுக்கு ஒரு அச்சு இருக்கு. தாத்தா கையில் காசில்லாமல் வந்தார். சின்னக் கொட்டகையில் ஆரம்பித்தார். அவர் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஒரு நடிகர் வந்து சாப்பிட்டார். இப்போது பேரன் கிளைகள் திறக்கிறார். ஊர்ப் பேரை மாற்றிப் போட்டாலும் கதை அப்படியே பொருந்தும். எந்த ஊருக்கும் பொருந்துற வரலாறு எந்த ஊரின் வரலாறும் இல்லை.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். திருச்சி–மதுரை ரயில் பாதை 1875-இல் அந்த ஊர் வழியாக வந்தது. தோல், சுருட்டு, பூட்டு என்று வியாபாரம் நடந்த ஊர். சரக்கு வாங்க வருபவர், விற்க வருபவர், ரயிலுக்குக் காத்திருப்பவர் என்று வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டிய கூட்டம் அங்கே எப்போதும் உண்டு. 1957-இல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' தொடங்கினார். அவர் கட்டியிருந்த தலப்பாவே பிறகு கடையின் பேராகி, 'தலப்பாகட்டி' ஆனது. சொல்லப்படும் கதையில் தலப்பா இருக்கிறது, சீரகச் சம்பா அரிசி இருக்கிறது, மசாலா ரகசியம் இருக்கிறது. சொல்லப்படாதது அந்தப் பழைய பேருக்குள்ளேயே இருக்கிறது.

'விலாஸ்' என்ற பேர் அந்தக் காலத்தில் பெரும்பாலும் சைவ ஓட்டல்களின், காப்பி கிளப்புகளின் வாசலில் தொங்கியது. அதையே ஒரு பிரியாணிக் கடை எடுத்து மாட்டிக்கொண்டது. அது எந்த வருஷம் என்று பாருங்கள். அதே 1957-இல்தான் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால், பேர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியாரின் திராவிடர் கழகம் மறியல் நடத்தியது. தினமும் தொண்டர்கள் கைதானார்கள். ஓட்டல் பேர் என்பது வெறும் பேர் இல்லை, யார் உள்ளே வரலாம், யார் சமைத்தால் சாப்பிடலாம் என்ற அறிவிப்பு என்று தெரிந்துதான் அந்தச் சண்டை நடந்தது.

ரயில் இதில் வெறும் பின்னணி இல்லை. டிக்கெட் வாங்கியவர் எல்லோரையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்தது ரயில். ஆனால் ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பிடப் போனால் பிராமணருக்கு ஒரு இடம், மற்றவருக்கு ஒரு இடம். ரயில்வே சிற்றுண்டிச்சாலைகளில் இந்தப் பிரிப்பு 1941-இல்தான் போனது. அதுவும் தானாகப் போகலை. பல வருஷப் பேச்சும் எழுத்தும் எதிர்ப்பும் வேண்டியிருந்தது. அப்படியிருக்க, ஒரு ரயிலடி ஓட்டலின் வரலாற்றை எழுதுகிறவர் இட்லி பஞ்சு போல இருந்தது என்று சொல்லிவிட்டு, அந்த இட்லியை யார் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொல்லாமல் விட்டால், அது வரலாறு இல்லீங்க, மெனு கார்டு.

அமெரிக்காவில் ஃபிரெட் ஹார்வி என்பவர் 1876-இல் டொபீகா ரயில் நிலையத்தில் சாப்பாட்டுக் கடை தொடங்கினார். சாண்டா ஃபே ரயில் பாதை நெடுகச் சின்னச் சின்ன ஊர்களில் கிளைகள் வந்தன. அவருக்குப் பின் மகன்கள் நடத்தினார்கள். அதுவும் குடும்ப வியாபாரம்தான். ஆனால் அந்தக் கதையில் இன்றைக்கும் அதிகம் பேசப்படுபவர்கள் 1883 முதல் அங்கே பரிமாறும் வேலைக்கு வந்த பெண்கள். லெஸ்லி போலிங்-கெம்ப்ஸ் அவர்களில் பலரைத் தேடிப் பேட்டி கண்டு 1989-இல் புத்தகமே எழுதினார். நம்ம ஊரில் சப்ளையரிடமும் சரக்கு மாஸ்டரிடமும் இலை எடுத்த பையனிடமும் அப்படிப் போய் உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்?

"குடும்பம் தன் பெருமையைத்தானே சொல்லும், அதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். குடும்பத்தின் மேல் தப்பில்லை. அதை அப்படியே வாங்கி 'வரலாறு' என்று வெளியிடும் நம் மேல்தான் தப்பு. வேடிக்கை என்னன்னா, பேருக்காக வழக்கு வரும்போதுதான் ஓட்டல்காரர்களே ஆதாரம் தேடுகிறார்கள். தலப்பாகட்டி என்ற பேரையும் அதை ஒத்த பேர்களையும் பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. எந்த வருஷத்திலிருந்து, எந்தப் பேரில், யார் நடத்தினார் என்று அங்கே காகிதம் காட்ட வேண்டும். அதனால் பல சமயம் சுவரில் மாட்டிய கதையைவிட வழக்குக் கட்டில்தான் வரலாறு அதிகம். ஆனால் நீதிமன்றமும் பேரின் சொந்தக்காரர் யார் என்றுதான் கேட்கும். அடுப்படியில் நின்றவர் யார் என்று கேட்காது. அந்தக் கேள்வி எழுதுகிறவருக்கு உரியது.

எங்கள் கிருமாம்பாக்கத்தில் ரயில் இல்லை. 1879-இல் வந்த விழுப்புரம்–புதுச்சேரி பாதை வில்லியனூர் பக்கம் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது புதுச்சேரி–கடலூர் ரோடு. மற்ற ஊர்களில் ஸ்டேஷன் செய்த வேலையை இங்கே மருத்துவக் கல்லூரிகள் செய்கின்றன. நோயாளிக்குத் துணைக்கு வந்தவர், மாணவர், பஸ்ஸுக்கு நிற்பவர் என்று வெளியில் சாப்பிட்டாக வேண்டிய கூட்டம் இங்கேயும் உண்டு. அவர்களை நம்பித்தான் ரோட்டோர மெஸ்களும் டீக்கடைகளும்.

இவற்றுக்கும் ஒருநாள் வரலாறு எழுதுவார்கள். எழுதும்போது முதலாளி படத்துக்குக் கீழே நாலு கேள்விக்காவது பதில் இருக்கட்டும். கடன் எங்கே வாங்கினார்கள்? முதல் மாஸ்டர் யார், எந்த ஊர்? வேலைக்கு வந்தவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள்? யாருக்கு உள்ளே இலை போட்டார்கள், யாருக்கு வெளியே கொடுத்தார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எழுபது, எண்பது வயசு. முதலில் அவங்ககிட்டப் போங்க. ஸ்தாபகர் படம் சுவரில்தான் இருக்கும், எங்கேயும் போகாது.