மூன்று நிமிடத் தோடி

வடலூர்ப் பக்கக் கல்யாண மண்டபங்களில் நாயனம் வாசிக்கும்போது யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. கெட்டிமேளத்துக்கு மட்டும் தலைகள் நிமிரும். அந்த வாத்தியத்தையே சபையில் உட்கார்ந்து கேட்கவைத்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). சாமி புறப்பாட்டில் மல்லாரிக்குப் பின் மணிக்கணக்கில் ராகம் வாசிப்பது பழைய வழக்கம்தானே, இவர் புதிதாக என்ன செய்தார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீதியில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று, மூன்றரை நிமிடம். அவருடைய தோடி ராகத் தட்டில் அந்த நெருக்கடி எங்கும் தெரியவில்லை. காந்தார சுரத்தை அசைத்து அசைத்து நிறுத்துகிறார், அதிலேயே ராகம் முழுதாக எழுந்துவிடுகிறது. துளையை மூடித் திறக்கும் விரலால் மட்டும் இது வராது. சீவாளியைக் கவ்வும் உதடும் மூச்சின் அழுத்தமும் சேர்ந்தே அந்தக் கமகத்தைத் தருகின்றன. தோடி ஒன்றிலேயே பெயர் வாங்கியவர் என்பாரும் உண்டு. அந்த ஒன்றை அவரைப்போல் வாசித்தவர் யார்?

எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1940இல் அவரைக் ‘காளமேகம்’ படத்தில் நடிக்கவைத்தார். படம் கிடக்கட்டும், தோடித் தட்டைக் கேளுங்கள்.